இலங்கைக்கு முதல் யாத்திரை

எம். புதுப்பட்டியிலிருந்து நமது நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். சிவகாசி வட்டாரத்திலே பட்டாசுத் தொழிலில் இருபது வருஷ காலமாக உழைத்து வருபவர். வருகிற தீபாவளிக்குப் போனஸ் கைக்கு வந்ததும், ஆலை மறுபடி திறக்கும் வரையில் கிடைக்கும் ஓய்வு நாட்களில், தம் தாயார், மனைவி, மகள் ஆகிய மூவருடன் இலங்கைத் தீவைச் சுற்றிப் பார்த்து வர உத்தேசித்திருப்பதாகத் தெரிவிக்கிறார். பத்து நாட்களில் பதினோரு ஊர்களைப் பார்ப்பதற்கு ஒரு ஜாபிதாவும் தயாரித்திருக்கிறார். கொழும்பு, காலி, கதிர்காமம், நுவரெலியா, கண்டி, மாத்தளை, சிகிரியா, அநுராதபுரம், திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம் என்பது அவர் வரிசை. தாயாருடைய பாட்டனார் ‘கண்டிச் சீமை’க்குத் தோட்ட வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லையாம், அந்த மலையை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்பது எழுபது வயதான அந்த அம்மையாரின் ஆசையாம். திட்டம் சரிதானா என்று நம்மைக் கேட்கிறார்.

இக்கேள்வி ஒருவருடையது மட்டுமன்று. வெளிநாட்டு யாத்திரை என்பது தனவந்தர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்குமே உரியது என்றிருந்த காலம் மாறி வருகிறது. கைத்தொழிலால் பிழைக்கும் குடும்பங்களும் கடல் கடந்து ஒரு தேசத்தைப் பார்த்து வர விரும்புகின்றன. இது நாம் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அத்தகைய குடும்பத்துக்கு ஒரு யாத்திரை என்பது பல வருஷச் சேமிப்பு. அது பிழைத்துப் போனால் மறு வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆறுதல் அடைய அவர்களால் இயலாது. ஆகவே நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நேயர் தேர்ந்தெடுத்த தேசம் நன்று. தேர்ந்தெடுத்த மாதம் நன்றன்று. ஊர்களின் எண்ணிக்கையோ பாதிக்கு மேல் குறைய வேண்டும். காரணங்களைக் கீழே விவரிக்கிறோம்.

வானத்தைக் கேட்டு நாள் குறித்தல்

சிவகாசிச் சீமை மழை குறைந்த பூமி. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே நம் மாவட்டத்துக்குக் கிடைக்கிறது. அந்த வறட்சியும் வெயிலுமே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்ற நிலமாக அதை ஆக்கின. இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலும் மலைச் சரிவுகளிலும் 2,500 மில்லிமீட்டருக்கு மேலும், சில இடங்களில் 5,000 மில்லிமீட்டர் வரையிலும் மழை கொட்டுகிறது. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு மழை என்றால் வரப்பிரசாதம். மலைப்பாதையில் குடும்பத்தோடு செல்கிறவனுக்கு அதே மழை வேறு முகம் காட்டும்.

இலங்கைக்கு இரண்டு பருவ மழைகள் உண்டு. தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரையில் கொழும்பு, காலி முதலிய கரைப் பகுதிகளையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். வடகிழக்குப் பருவம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலிய பக்கங்களுக்கு மழை தரும். ஆதலால் தீவின் ஒரு பாதி நனையும்போது மறு பாதி பெரும்பாலும் காய்ந்திருக்கும். இந்தச் சௌகரியம் இல்லாத மாதங்கள் அக்டோபரும் நவம்பருமே. அப்பொழுது இரண்டு பக்கமும் மழை. போதாக்குறைக்கு வங்கக் கடலில் புயல்கள் தோன்றும் காலமும் அதுவே. நமது நேயர் குறித்திருப்பது இந்த மாதங்களைத்தான்!

இது வெறும் பயமுறுத்தலன்று. 2025-ஆம் வருஷம் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. நவம்பர் கடைசி வாரத்தில் ‘டித்வா’ என்ற புயல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறித் தீவெங்கும் பெருவெள்ளத்தையும், மலைநாட்டிலே பயங்கரமான மண்சரிவுகளையும் விளைவித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில் பாதைகளும் சாலைகளும் பல இடங்களில் அறுந்தன. முற்காலச் சாட்சியும் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடி வரையில் ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக நடந்து வந்த போக்குவரத்தை 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் அடித்த புயல் ஒரே இரவில் ஒழித்தது. தனுஷ்கோடி இன்றும் பாழூராகவே கிடக்கிறது. இந்தக் கடலின் குணத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

போனஸும் பருவமும்

“போனஸ் கிடைப்பது தீபாவளிக்கு, ஓய்வு கிடைப்பதும் அப்பொழுதே. வேறு எப்பொழுது போவது?” என்று நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கையில் காசிருக்கும் மாதத்தில் வானம் ஒத்துக்கொள்வதில்லை. வானம் ஒத்துக்கொள்ளும் மாதத்தில் கையில் காசும் ஓய்வும் இருப்பதில்லை. உழைப்பாளியின் யாத்திரையில் உள்ள உண்மையான சங்கடம் இதுவே. எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏனெனில் அவை வேண்டியபோது விடுமுறை எடுத்துக்கொள்ளும் மனிதர்களுக்காக எழுதப்படுகின்றன.

நாம் சொல்லும் வழி இது. போனஸ் வந்த அன்றே அதில் யாத்திரைப் பங்கைத் தனியே எடுத்துத் தபாலாபீஸிலோ பாங்கியிலோ போட்டுவிட வேண்டும். தீபாவளிக்குப் பிந்தின ஓய்வு நாட்களைப் பிரயாணத்துக்கன்றி, பாஸ்போர்ட் முதலிய ஏற்பாடுகளுக்குப் பயன்படுத்த வேண்டும். அலுவலகங்களுக்கு நடப்பதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்பது இதில் உள்ள லாபம். பிறகு பங்குனி, சித்திரை மாதங்களில் யாத்திரை புறப்படலாம். சிவகாசியில் பங்குனிப் பொங்கலையும் சித்திரைப் பொங்கலையும் ஒட்டிச் சில நாட்கள் தொழில் ஓய்ந்திருப்பது யாவரும் அறிந்ததே. மகளுக்கும் பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும் காலம்.

ஆனால் அம்மன் பொங்கலை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? வர வேண்டாம். பொங்கலைக் கொண்டாடிவிட்டே போகலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தல் வேண்டும். ஏப்ரல் 13, 14 தேதிகளில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள் ரயில்களிலும் பஸ்களிலும் இடம் கிடைப்பது அரிது. கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் மூடிக் கிடக்கும். நுவரெலியாவிலோ ஏப்ரல் மாதத்தை வசந்த காலமென்று கொண்டாடி, கொழும்புச் செல்வர்கள் அங்கே கூடுவதால், தங்குமிட வாடகை ஏறிவிடும். ஆகவே புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு மேல் புறப்பட்டு, தென்மேற்குப் பருவம் வலுக்குமுன் மே முதல் வாரத்துக்குள் திரும்பி விடுவதே உத்தமம். பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும். ஒரு குடை போதும். வடக்கிலும் சமவெளியிலும் வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் வெயிலைச் சொல்லிப் புதுப்பட்டியாரைப் பயமுறுத்த முடியுமா?

எத்தனை ஊர்?

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நமது தமிழ்நாட்டில் சரிபாதி. படத்தில் பார்த்தால் விரற்கடை தூரந்தான். இந்தச் சிறுமையே முதல் முறை செல்பவரை ஏமாற்றுகிறது. அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. மணியில் அளக்க வேண்டும். கொழும்பிலிருந்து பதுளைக்கு மலை ரயிலில் சுமார் 290 கிலோமீட்டர். அதற்கு ஒன்பது பத்து மணி நேரம் பிடிக்கும். ஏறத்தாழ அதே நேரத்தில் நமது பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் ஏறியவரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையில் இறக்கிவிடும். மலை வளைவுகளில் பஸ் போகும் வேகமும் அத்தகையதே.

பத்து நாளில் பதினோரு ஊர் என்றால் தினம் ஒரு மூட்டை கட்டுதல், தினம் ஒரு விடுதி தேடுதல், தினம் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்காருதல் என்று அர்த்தம். எழுபது வயது மாது அதைத் தாங்குவாரா? தாங்கினாலும், எதைப் பார்த்தோம் என்று ஊர் திரும்பியபின் சொல்ல முடியுமா?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கைக்குச் சென்றபோது, ஏறத்தாழ இரண்டரை வாரத்தில், அதுவும் மழை மாதத்தில், கொழும்பு, கண்டி, பதுளை, காலி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களைச் சுற்றவில்லையா என்று கேட்கலாம். சுற்றினார். அவர் போனது ஊர் பார்க்கவன்று. ஜனங்களைச் சந்திக்கவும் நிதி சேர்க்கவும் போனார். ஒவ்வோர் ஊரிலும் வரவேற்கவும், வாகனம் அமர்த்தவும், தங்க இடம் கொடுக்கவும் ஜனங்கள் காத்திருந்தார்கள். நம்மை யார் எதிர்பார்த்து நிற்கிறார்கள்?

நம் சிவகாசியிலேயே வேறோர் உதாரணம் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். வங்காள தேசத்தைச் சுற்றிப் பார்க்காமல், ஓரிடத்தில் பல மாதம் தங்கி, தொழிலைக் கையோடு கொண்டு வந்தார்கள். அதன் பலனை இன்று தாலுகா முழுவதும் அனுபவிக்கிறது. கற்கப் போனவர்களுக்குப் பொருந்தும் நீதி பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒருவாறு பொருந்தும். ஓர் ஊர் தன்னைக் காட்ட இரண்டு பகலாவது கேட்கும். பத்து நாள் யாத்திரைக்கு மூன்று தங்குமிடங்களுக்கு மேல் கூடாது என்பது நமது தீர்ப்பு.

எவ்வழியே?

அந்த மூன்று இடங்கள் யாவை? அம்மையாரின் ஆசையை முன்னிட்டுப் பார்த்தால் விடை தானே கிடைக்கிறது: கண்டி, மலைநாடு, யாழ்ப்பாணம்.

மதுரையிலிருந்து ஆகாய விமானத்தில் கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்காவில் இறங்கலாம். ஒரு மணி நேரப் பிரயாணமே. கொழும்பு நகரத்துக்குள் புகாமல் அங்கிருந்தே கண்டிக்குப் போய், மூன்று இரவு தங்க வேண்டும். கண்டியைச் சுற்றிய மலைகளிலேதான் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலையைப் பெருமளவில் முதன்முதல் பயிரிட்டார். அதற்கு முன் காப்பித் தோட்டங்கள் இருந்தன; 1869-இல் தோன்றிய இலைநோய் அவற்றை அழித்தது. காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்தவர்கள் நம் தென் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் பிடித்துச் சென்ற ஏழை ஜனங்கள். பாக்ஜலசந்தியைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் பலர். கண்டியிலிருந்து ஒரு பகலில் மாத்தளை போய் வரலாம். அங்கே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. பொங்கல் முடித்துப் புறப்பட்டுச் செல்லும் சிவகாசியார் அந்தச் சன்னிதியில் நிற்கும்போது, அந்நிய தேசத்தில் நிற்பதாக அவர்களுக்குத் தோன்றாது.

அடுத்து மலைநாடு. கண்டியிலிருந்து ரயிலில் நானுஓயா சென்றால் நுவரெலியா அண்மையில் இருக்கிறது. அது கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரம். இரவில் கம்பளிச் சட்டை அவசியம். இரண்டு இரவு தங்கலாம். முன்பதிவு இடங்கள் சீக்கிரத்தில் தீர்ந்துவிடுவதால் ரயிலுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். டித்வா புயலின்போது மலைப்பாதை சேதப்பட்டது நினைவிருக்கட்டும். எந்தப் பகுதி வரையில் ரயில் ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொண்டு, ஓடாத இடத்துக்குப் பஸ்ஸை உத்தேசித்துக்கொள்ளலாம்.

பிறகு மலையிறங்கிப் பொல்கஹவெல சந்திப்புக்கு வந்து, வடக்குப் பாதை ரயிலில் அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போக வேண்டும். மலையிலிருந்து ஒரே நாளில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க முயல வேண்டாம். அநுராதபுரத்தில் ஒரு நாள் இறங்கி இளைப்பாறலாம். அங்குள்ள பழைய தூபிகளையும் போதி மரத்தையும் பார்க்கலாம். யுத்த காலத்தில் அறுபட்டுக் கிடந்த இந்த இருப்புப் பாதை 2014 அக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரையில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு தங்கலாம். நல்லூர்க் கந்தசாமி கோயிலும், 1981-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூல்நிலையமும் அங்கே உள்ளன.

திரும்புகையில் கொழும்புக்கு மீளவும் வர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்கு அருகே பலாலியில் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. சென்னைக்கு அங்கிருந்து விமானங்கள் பறந்து வந்திருக்கின்றன. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பிரயாணிக் கப்பல் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கி, சில தினங்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கப்பலை நம்பித் திட்டம் போடுகிறவர், அன்றைய தேதிக்கு அது ஓடுகிறதா என்று கேட்டறிந்து, ஓடாவிட்டால் செய்ய வேண்டியதையும் குறித்து வைத்துக்கொள்வாராக. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட வேண்டுமென்று 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் பட்ட பாட்டை நாடறியும். அதே துறைகளுக்கிடையே 2011-இல் தொடங்கிய பிரயாணிக் கப்பலும் அந்த வருஷமே நின்றுவிட்டது. இருகரைகளுக்கும் இடையே ஒரு நிலையான கப்பல் போக்குவரத்தை இரண்டு அரசாங்கங்களும் இன்னும் நிலைநாட்டாமலிருப்பது நமக்குக் குறையே.

இத்திட்டத்தில் காலி இல்லை, கதிர்காமம் இல்லை, சிகிரியா இல்லை, திருகோணமலை இல்லை. சிகிரியாக் குன்றின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை அம்மையார் ஏற மாட்டார். மற்றவை இரண்டாம் யாத்திரைக்கு இருக்கட்டும்.

பத்திரங்களும் பணமும்

முதலாவது பாஸ்போர்ட். நம் மாவட்டத்தார்க்கு மதுரை அலுவலகமே உரியது. வயது வந்தவருக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய் கட்டணம். போலீஸ் விசாரணை நடைபெறும். பெயரும் பிறந்த தேதியும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றுபோல இருக்கும்படி முன்னதாகவே திருத்திக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘குடிபெயர்வுச் சோதனை’ தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இதைக் கண்டு பலர் வீணாகக் கலங்குகிறார்கள். சிலர் இதைச் சொல்லித் தரகுப் பணமும் பறிக்கிறார்கள். அச்சோதனை சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்காகப் போகிறவர்களைப் பற்றியது. இலங்கைக்கு யாத்திரையாகச் செல்பவரை அது தடுப்பதில்லை. அதே சமயம், யாத்திரை அனுமதியில் போய் அங்கே கூலி வேலை செய்தல் குற்றமாகும்.

இரண்டாவது, இலங்கை அரசாங்கத்தின் மின்வழிப் பிரயாண அனுமதி. இதற்கான கட்டணமும் விதியும் சமீப வருஷங்களில் பலமுறை மாறியிருப்பதால், அந்த அரசாங்கத்தின் சொந்தத் தளத்தையே பார்க்க வேண்டும். அதைப் போலத் தோற்றமளிக்கும் வேறு தளங்களில் பணம் கட்டி ஏமாறக் கூடாது. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருத்தல் வேண்டும்.

பணத்தை நான்காகப் பகுத்துக்கொள்வது நலம்: போக்குவரத்துக்கு ஒன்று, தங்குமிடத்துக்கு ஒன்று, உணவுக்கும் கோயிலுக்கும் ஒன்று, எதிர்பாராத ஆபத்துக்கு ஒன்று. நான்காவதைத் தொடாமல் திரும்பி வந்தால் யாத்திரை ஒழுங்காக நடந்ததென்று பொருள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. அதைக் கண்டு எல்லாம் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. 2022-இல் அந்நாடு கடனைத் திருப்ப முடியாமல் தவித்த நெருக்கடிக்குப் பிறகு சாமான்களின் விலைகளும் பன்மடங்கு ஏறிவிட்டன.

சுகக்கேடு நேர்ந்தால் 1990 என்ற எண்ணைக் கூப்பிட்டால் இலவச ஆம்புலன்ஸ் வரும். 2016-இல் இந்தியாவின் நன்கொடையால் தொடங்கிய சேவை அது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது, டெங்கு ஒழியவில்லை. கொசுவுக்கு ஜாக்கிரதை. பாஸ்போர்ட் தொலைந்தாலோ வேறு இக்கட்டு நேர்ந்தாலோ கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்திய அரசாங்கத்தின் அலுவலகங்கள் உண்டு. அவற்றின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி நனைந்தால் காகிதமே துணை.

எடுத்துச் செல்லக் கூடாதவை

சிவகாசிப் பக்கத்தார்க்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நம்மவர்கள் உறவினர் வீட்டுக்குப் போனால் மத்தாப்புப் பெட்டியோடு போவது வழக்கம். இந்த யாத்திரையில் அது முற்றும் கூடாது. ரயிலில் வெடிபொருள் எடுத்துச் செல்லுதல் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விமானத்திலும் கப்பலிலும் அதனினும் கண்டிப்பு அதிகம். தீப்பெட்டியைக்கூட வீட்டிலேயே வைத்துவிடுவது உத்தமம். இன்னொன்று: விமான நிலையங்களில் வெடிமருந்தின் தூசியை முகர்ந்து கண்டுபிடிக்கும் கருவிகள் உள்ளன. ஆலைக்குக் கொண்டுபோன பையையும் அங்கே உடுத்திய துணியையும் யாத்திரைக்கு எடுத்துச் செல்லாதிருப்பது பல மணி நேர விசாரணையைத் தவிர்க்கும். விசாரித்தால் தொழிலை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது கௌரவமான தொழில். மறைத்தலே சந்தேகத்துக்கு இடம்.

அன்பளிப்பாக என்ன கொண்டுபோவது? சிவகாசியில் அச்சிட்ட நல்ல காலண்டர் ஒன்றும் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலமும் போதும். இரண்டும் வெடிக்காதவை.

விருந்தாளியின் கடமை

நிற்க. இதுகாறும் சொன்னவை வழியையும் செலவையும் பற்றியவை. இவற்றினும் முக்கியமானது நடந்துகொள்ளும் முறை.

தமிழ் அந்நாட்டின் ஆட்சி மொழிகளுள் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் தோட்டப் பகுதிகளிலும் நம் பாஷையிலேயே பேசலாம். தெற்கே சிங்களமே வழக்கு. ‘ஆயுபோவன்’ என்று கைகூப்பி வணங்கி, ‘ஸ்துதி’ என்று நன்றி சொல்லக் கற்றுக்கொண்டால் பாதிக் கதவுகள் திறக்கும். பௌத்த ஸ்தலங்களில் செருப்பையும் தொப்பியையும் நீக்கி, தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்ல வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை அந்நாட்டார் பெரிய அவமரியாதையாகக் கருதுகிறார்கள். பௌர்ணமி தோறும் ‘போயா’ விடுமுறை. அன்று மதுவும் மாமிசமும் விற்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சந்திக்கும் மக்கள் 2009 மே மாதம் வரையில் நீடித்த யுத்தத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். “அப்பொழுது என்ன நடந்தது?” என்று வேடிக்கைக் கதை கேட்பதுபோல் கேட்டல் தகாது. அவர்களாகச் சொன்னால் அடக்கமாகக் கேட்க வேண்டும். இங்கே நாம் படித்த பத்திரிகைகளையும் பார்த்த படங்களையும் வைத்து அவர்கள் துன்பத்தை அவர்களுக்கே விளக்கப் புகுதல் அதனினும் தகாது. கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருஷங்களாக நடந்து வரும் பிரதேசம் அது. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு ஓர் அடியும் விலகலாகாது. மருந்தின் குணம் தெரிந்த புதுப்பட்டியாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களில் காண்பவர்களோ நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்களின் சந்ததியார். 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதம மந்திரி லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதம மந்திரி ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் 2003-இல் தான் வந்தது. தோட்டத்து லயன் அறைகளைக் கண்டவுடன் படம் பிடிக்கத் தொடங்குவது நாகரிகமன்று. அவை ஒருவருடைய வீடு. முதலில் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நலம் விசாரித்தபின் மற்றவை. தாயாரின் பாட்டனார் போன தோட்டத்தின் பெயர் வீட்டில் யாருக்கேனும் நினைவிருந்தால், அல்லது பழைய கடிதம் ஏதேனும் இருந்தால், அதைத் தேடி எடுத்துச் செல்வது எந்த வழிகாட்டிப் புத்தகத்தைக் காட்டிலும் பயன்படும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றுமாக இரண்டு வழங்குவதுண்டு, இரண்டையும் குறித்துக்கொள்க. பெயர் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. எந்தக் கொழுந்துக் காட்டின் ஓரத்தில் நின்றாலும் அந்த அம்மையார் தாம் பார்க்க வந்ததைப் பார்த்தவரே ஆவார்.

அந்தப் பாட்டனார் காலத்தில் எந்த மாதம் புறப்படுவது என்பதைக் கங்காணி தீர்மானித்தான். எங்கே தங்குவது என்பதைத் துரை தீர்மானித்தான். திரும்புவதா இல்லையா என்பதைக் கடனும் காய்ச்சலும் தீர்மானித்தன. இன்று அதே குடும்பத்தார் தாமே நாளைக் குறித்து, தாமே வழியைத் தெரிந்து, திரும்புவதற்குச் சீட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த உரிமையை அவசரத்தில் வீணாக்கலாமா? ஆறு மாதம் பொறுத்து, ஊர்களைக் குறைத்து, நிதானமாகப் போய் வருக. போய் வந்தபின் கண்டதை நமக்கு எழுதுக. இப்பத்திரிகையில் அதற்கு இடம் உண்டு.